எடை ஏறாத குழந்தை, வாயைத் திறக்காத குழந்தை: எங்களுக்குக் கைகொடுத்த வழிகள்

என் மகளுக்கு இரண்டு வயது நிறைந்த வாரம் எடை பார்த்தோம். 8.9 கிலோ. உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி அட்டவணையில், அந்த வயதுப் பெண் குழந்தையின் நடுத்தர எடை 11.5 கிலோ. 9 கிலோவுக்குக் கீழே இறங்கினால் எடைக்குறைவு என்று கணக்கு. (ஆண் குழந்தைக்கு அந்த எல்லை 9.7.)

அதுவரை எங்கள் வீட்டில் ஒரு வேளைச் சாப்பாடு ஒரு மணி நேரம் ஓடும். நான் மடியில் உட்கார வைத்துப் பிடித்துக்கொள்வேன், மனைவி எதிரில் கரண்டியோடு இருப்பாள், நடுவில் போனில் பாட்டு ஓடும். உள்ளே போன சோறு விழுங்கப்படாமல் வலது கன்னத்தில் உருண்டையாக நிற்கும். வெளியிலிருந்து தொட்டாலே கைக்குத் தெரியும். நாற்பது நிமிடம் கழித்து அதே உருண்டை வெளுத்துப்போய்த் தரையில் விழும். அப்புறம் அவள் அழுவாள், நாங்கள் பாலைக் காய்ச்சுவோம்.

உங்கள் வீட்டிலும் இதுதான் நடக்கிறது என்றால், முதலில் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். எடை குறைந்துகொண்டே போவது, சாப்பிடும்போது இருமல் அல்லது புரை ஏறுவது, அடிக்கடி வாந்தி, நாள்கணக்கில் பேதி, கெட்டியாகிப்போன மலச்சிக்கல், முன்பு சாப்பிட்டதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கைவிடுவது, பேச்சிலோ நடையிலோ பின்தங்குவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் வீட்டு வைத்தியத்தில் நாளைக் கடத்தாதீர்கள். 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள குழந்தையின் மேற்கையின் நடுவில் நாடா வைத்து அளப்பார்கள். சுற்றளவு 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் கவனிக்க வேண்டும், 11.5-க்குக் கீழே என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

எங்களைப் பார்த்த மருத்துவர் உடனே மருந்து எழுதவில்லை. "மூணு நாள் அவ வாய்க்குள்ள போறதெல்லாம் எழுதிட்டு வாங்க. குடிக்கிறதையும் சேர்த்து எழுதுங்க" என்றார். நீங்களும் அங்கிருந்தே தொடங்குங்கள். எங்கள் நோட்டில் மூன்று நாளும் ஒரே கதைதான் இருந்தது: காலை எழுந்ததும் 200 மில்லி பால், பதினொரு மணிக்கு 200, மதியத் தூக்கத்துக்கு 200, இரவு 200. ஆக 800 மில்லி. கொழுப்பு எடுக்காத பாலில் அது ஏறக்குறைய 500 கலோரி. இந்த வயதுக் குழந்தைக்கு ஒரு நாளுக்கு வேண்டியதே சுமார் 1000 கலோரிதான். பாதி வயிறு பாட்டிலிலேயே நிறைந்துவிட்டால் தட்டைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பத்தானே செய்வாள்?

அதோடு பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. அதிலுள்ள கால்சியம் மற்ற உணவிலுள்ள இரும்பையும் உடலில் சேரவிடாமல் தடுக்கும். இரத்தப் பரிசோதனையில் அவளுக்கு இரும்புச்சத்துக் குறைவு இருந்தது. அந்தக் குறைவே பசியை அடக்கிவிடும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். மருத்துவர் சொன்ன அளவில் சொட்டு மருந்து கொடுத்தோம். இதை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். இரும்பு மருந்து அளவு மீறினால் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. எட்டாத உயரத்தில் வையுங்கள்.

பாலை 400 மில்லிக்குக் குறைத்தோம். பாட்டிலை எடுத்துவிட்டுக் கோப்பையில், அதுவும் சாப்பாட்டுக்குப் பிறகுதான். முதல் நான்கு இரவுகள் கஷ்டமாக இருந்தன. அழுதாள். மடியில் போட்டுத் தட்டிக்கொடுத்தோம், தண்ணீர் கொடுத்தோம். ஐந்தாம் நாள் காலையில் அவளாகவே சாப்பாட்டு மேசைக்கு வந்து நின்றாள்.

அடுத்தது நேரம். காலை 8, 10.30, மதியம் 1, மாலை 4, இரவு 7 என்று ஐந்து வேளை. நடுவில் தண்ணீர் மட்டும். ஒரு பிஸ்கட், இரண்டு வாய் ஜூஸ் என்று உள்ளே போனாலும் சின்ன வயிற்றில் பசி அடங்கிவிடும். ஒரு வேளைக்கு 20 முதல் 30 நிமிடம் போதும். அதற்குள் எவ்வளவு போனதோ அவ்வளவுதான், தட்டை எடுத்துவிடுங்கள். முகம் சுளிக்காமல் எடுங்கள், அடுத்த வேளை இரண்டரை மணி நேரத்தில் வந்துவிடும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கடினமாக இருந்தது கரண்டியைக் கீழே வைப்பதுதான். எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியலாளர் வகுத்த ஒரு முறை இருக்கிறது: என்ன உணவு, எப்போது, எங்கே என்பது பெற்றோர் பொறுப்பு. சாப்பிடுவதா வேண்டாமா, எவ்வளவு என்பது குழந்தையின் பொறுப்பு. எங்கள் மருத்துவர் அதையே "ஊட்டாதீங்க, பரிமாறுங்க" என்று இரண்டு வார்த்தையில் சொல்லிவிட்டார். எடை குறைந்த குழந்தையிடம் போய் எப்படிச் சும்மா இருப்பது என்று மனம் அடித்துக்கொண்டது. ஆனால் திணிக்கத் திணிக்க வாய் இறுகுவதை இத்தனை நாளாகப் பார்த்திருந்தேன். சரி, விட்டுப் பார்ப்போம் என்று போனை அணைத்து வைத்து, எங்கள் தட்டோடு அவள் தட்டையும் வைத்து, மூன்று பேரும் சேர்ந்து உட்கார்ந்தோம். முதல் நாள் இரண்டு விரலால் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். இரண்டாம் நாள் என் தட்டில் கையை நீட்டி, அவித்த முட்டையின் மஞ்சள் கருவைக் கிள்ளி வாயில் போட்டாள். மனைவி மேசைக்கு அடியில் என் கையை இறுக்கிப் பிடித்தாள். நாங்கள் இருவரும் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் இருப்பதும் இதில் ஒரு வேலைதான். "சாப்பிட்டாளே, சமத்து!" என்று கைதட்டினால் அதுவும் குழந்தைக்கு ஒரு கட்டாயம் போலத்தான்.

அப்படியானால் எடை எப்படி ஏறும்? அதைச் சமையலறையில் செய்யுங்கள். கவளத்தின் அளவைக் கூட்டாமல் அதிலுள்ள சத்தைக் கூட்ட வேண்டும். மாவுச்சத்திலும் புரதத்திலும் ஒரு கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பில் 9. ஒரு தேக்கரண்டி எண்ணெயிலேயே சுமார் 40 கலோரி வந்துவிடும். மசித்த உருளைக்கிழங்கில் வெண்ணெய், பருப்பில் எண்ணெய், பழத்தோடு ஆடை எடுக்காத தயிர், கூழாக அரைத்த வேர்க்கடலை (முதல் முறை ஒரு துளி கொடுத்து, ஒவ்வாமை வருகிறதா என்று பாருங்கள்). தெளிந்த சூப்பும் தண்ணீரான கஞ்சியும் வயிற்றை அடைக்கும், எடை தராது. சர்க்கரையைக் கூட்டுவதும் வேண்டாம், பல்தான் கெடும். முழுக் கடலை, முழுத் திராட்சை, கெட்டியான பச்சைக் கேரட் துண்டு மூன்றும் இந்த வயதில் தொண்டையில் சிக்கும். அரைத்தோ, நீளவாக்கில் நறுக்கியோ, வேகவைத்தோ கொடுங்கள். சாப்பிடும்போது பக்கத்திலேயே உட்காருங்கள்.

பரிமாறும் அளவு, வயதுக்கு ஒரு மேசைக்கரண்டி. இரண்டு வயது என்றால் ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி. முதலில் இது கண்ணுக்குக் கொஞ்சமாகத்தான் தெரியும். பெரிய குவியலைப் பார்த்தே மலைத்துப்போகும் குழந்தை, சின்ன அளவை முடித்துவிட்டு இன்னும் கேட்கும்.

புதிய உணவுக்குத் தனிப் பொறுமை வேண்டும். இந்த வயதில் தெரியாத உணவைக் கண்டு பயப்படுவது இயல்பு. பல குழந்தைகளுக்கு 10, 15 முறை பார்த்த பிறகுதான் ஒன்று பிடிக்கும். நான் காலண்டரில் கோடு போட்டு வந்தேன். வேகவைத்த கேரட்டை, அவளுக்குப் பிடித்த முட்டையின் பக்கத்தில் பட்டாணி அளவுக்கு வைப்பேன். முதல் மூன்று முறை கீழே எறிந்தாள். நான்காவது முறை விரலால் நசுக்கினாள். ஆறாவது முறை நக்கிவிட்டுத் துப்பினாள். பதினொன்றாவது முறை மென்று விழுங்கிவிட்டுத் தண்ணீர் கேட்டாள்.

எடையைத் தினமும் பார்க்காதீர்கள். மாதம் ஒரு முறை, அதே தராசில், உடையில்லாமல். முதல் மாதம் எங்களுக்கு 50 கிராம்கூட ஏறவில்லை, பாலைக் குறைத்தது தப்போ என்று இரவெல்லாம் யோசித்தேன். இரண்டாம் மாதம் 300 கிராம் ஏறியது. இரண்டரை வயதில் 10.4 கிலோ. எடைக்குறைவு எல்லையைத் தாண்டிவிட்டாள்.

சாப்பிடாத குழந்தை என்று அவள் காதுபடச் சொல்வதை வீட்டில் எல்லோரும் நிறுத்திவிட்டோம், விருந்தாளிகளிடமும் கேட்டுக்கொண்டோம். தக்காளி மட்டும் இன்னும் தட்டின் ஓரத்துக்குப் போய்விடுகிறது. காலண்டரில் நேற்று ஏழாவது கோடு போட்டேன்.