எழுத்துக்குக் கிரேடியன்ட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இல்லஸ்ட்ரேட்டர் போன்ற வரைகலை மென்பொருளில் 'கொக்கு' என்று டைப் செய்து, அவுட்லைனாக (எழுத்தாகத் திருத்த முடியாத வரைவடிவமாக) மாற்றி, மேலே நீலம் கீழே பச்சை என்று ஒரு கிரேடியன்ட் (ஒரு நிறம் மெல்ல இன்னொன்றாக மாறும் கலவை) கொடுத்துப் பாருங்கள். செங்குத்தாகக் கொடுக்கும்போது பெரிதாக எதுவும் தெரியாது. அதையே இடமிருந்து வலமாகத் திருப்பினால் குட்டு வெளிப்படும். ஒற்றைக்கொம்பில் ஒரு முழு கிரேடியன்ட், 'க'வில் இன்னொன்று, துணைக்காலில் மற்றொன்று என்று நீலமும் பச்சையும் மாறி மாறி ஓடும். சில ஃபான்ட்களில் புள்ளிகூடத் தனி வடிவம். அந்தக் குட்டி வட்டத்துக்குள்ளும் இரண்டு நிறமும் நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும்.

நாம் மூன்று எழுத்தாகப் படிப்பதை மென்பொருள் ஐந்தாறு துண்டுகளாகப் பார்க்கிறது. எழுத்துக்குக் கிரேடியன்ட் போடுவதில் வரும் குழப்பங்களில் பாதிக்கு மேல் இதுதான் வேர். கிரேடியன்ட் எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதை மென்பொருள் ஒரு பெட்டியை வைத்து அளக்கிறது. அந்தப் பெட்டி முழுச் சொல்லுக்கா, ஒவ்வொரு துண்டுக்கா என்பதைக் கவனிக்காமல் நிறம் தேர்ந்தெடுக்க உட்கார்ந்தால் நேரம்தான் வீணாகும்.

இல்லஸ்ட்ரேட்டரில் இதற்கு எளிய வழி இருக்கிறது. துண்டுகள் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து, கிரேடியன்ட் டூலால் முதல் எழுத்தின் ஓரத்திலிருந்து கடைசி எழுத்தின் ஓரம் வரை ஒரே இழுப்பாக இழுங்கள். எல்லாத் துண்டுகளும் அந்த ஒரே கோட்டைப் பின்பற்றும். இல்லையென்றால் கன்ட்ரோல் + 8 அழுத்தி எல்லாவற்றையும் ஒரே காம்பவுண்ட் பாத் (பல துண்டுகள் சேர்ந்த ஒரே வடிவம்) ஆக்கலாம். ஆனால் இங்கே ஒரு கண்ணி உண்டு. எழுத்துகளை நெருக்கி வைத்திருந்தால், ஒன்றின் மேல் ஒன்று ஏறிய இடம் ஓட்டையாகிவிடக்கூடும். அதனால் முதலில் பாத்ஃபைண்டர் பேனலில் யுனைட் கொடுத்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறிய துண்டுகளை ஒட்டிவிடுங்கள். 'க', 'வ' போன்ற எழுத்துகளின் உள்ளே இருக்கும் வெற்றிடம் அப்படியே இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துவிட்டு அப்புறம் நிறத்துக்குப் போங்கள்.

சரி, அவுட்லைன் ஆக்கித்தான் தீர வேண்டுமா? வேண்டாம். பலர் அந்த முடிவுக்கு வரக் காரணம், இல்லஸ்ட்ரேட்டரில் டெக்ஸ்டைத் தேர்ந்தெடுத்து நேரடியாகக் கிரேடியன்ட்டை அழுத்தினால் அது ஏறாமல் போவதுதான். உடனே கன்ட்ரோல் + ஷிப்ட் + ஓ போட்டு அவுட்லைனாக்கிவிடுகிறார்கள். அதற்குப் பதிலாக அப்பியரன்ஸ் பேனலைத் திறந்து, டெக்ஸ்டுக்குப் புதிதாக ஒரு ஃபில் (உள்நிறம்) சேர்த்து, கிரேடியன்ட்டை அதில் கொடுங்கள். நிறம் சொல் முழுக்க ஒன்றாக ஓடும், எழுத்தையும் திருத்தலாம். இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் இந்தச் சுற்றுவழியே தேவையில்லை, டெக்ஸ்ட் நேரடியாகவே கிரேடியன்ட்டை ஏற்கும். ஒருமுறை நான் தலைப்பை அவுட்லைனாக்கி, ஒவ்வொரு எழுத்தாக நிறம் சரிசெய்து முடித்த பிறகுதான் 'ற'கரம் வர வேண்டிய இடத்தில் 'ர'கரம் இருப்பதைக் கண்டேன். மொத்த வேலையும் முதலிலிருந்து. அன்றிலிருந்து, அவுட்லைன் ஆக்கும் முன் திருத்தக்கூடிய ஒரு பிரதியை மறைத்த லேயரில் வைக்காமல் நான் விடுவதில்லை.

எஸ்விஜி என்ற இணையப் படக்கோப்பு வகையில் வேலை செய்பவர்களுக்கு இந்தப் பெட்டி வேறு விதமாக வேலை வைக்கும். அங்கே டெக்ஸ்டின் பெட்டி, கண்ணுக்குத் தெரியும் எழுத்தின் விளிம்போடு நிற்பதில்லை. ஃபான்ட் மேலும் கீழும் ஒதுக்கிவைத்த இடத்தையும் சேர்த்தே அளக்கும். தமிழ் ஃபான்ட்களில் 'கி'யின் சுழிக்காக மேலேயும் 'கு'வின் வளைவுக்காகக் கீழேயும் இடம் வேண்டும். அதனால் 'படம்' போன்ற ஒரு சொல்லுக்கு மேலிருந்து கீழாகக் கிரேடியன்ட் கொடுத்தால், இரண்டு முனை நிறங்களும் வெற்றிடத்தில் போய்விடும். எழுத்தில் தெரிவது நடுப்பகுதி மட்டும். "கொடுத்த நிறம் வரவே இல்லையே" என்று நிறத்தை மேலும் மேலும் அழுத்தமாக்கிப் பயனில்லை. 0%, 100% என்று இருக்கும் ஸ்டாப்களை (கிரேடியன்ட்டில் ஒவ்வொரு நிறமும் நிற்கும் இடங்களை) 25%, 75% என்று உள்ளே தள்ளிப் பாருங்கள்.

இனி நிறம். நீலத்திலிருந்து மஞ்சளுக்கு நேராகப் போனால் நடுவில் அழுக்காகத் தெரிகிறதே, ஏன்? திரையில் ஒரு நிறம் என்பது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றின் அளவு, ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரை. அந்தக் கணக்கில் நீலம் 0, 0, 255. மஞ்சள் 255, 255, 0. பாதி வழியில் மூன்று எண்களும் ஏறக்குறைய 128 ஆகிவிடும். அது அசல் சாம்பல் நிறம். எதிரெதிர் நிறங்கள் எதைச் சேர்த்தாலும் இதே கதைதான். நடுவில் இளஞ்சிவப்பிலோ பச்சையிலோ ஒரு ஸ்டாப் வைத்தால் சாம்பல் மறையும். என் தேர்வு, நிறச்சக்கரத்தில் பக்கத்துப் பக்கத்து நிறங்கள் இரண்டு. அதற்கு மேல் எழுத்துக்குத் தேவைப்படுவது அபூர்வம்.

எழுத்து மெல்ல மறைந்துபோவதுபோல் செய்யும்போது, மறையும் முனையில் கறுப்பையோ வெள்ளையையோ வைத்து ஒபாசிட்டியை (ஒளிபுகாத்தன்மையை) குறைக்காதீர்கள். சிவப்பு மறைய வேண்டுமென்றால் இரு முனையிலும் அதே சிவப்பு, ஒன்றில் ஒபாசிட்டி 0. இல்லாவிட்டால் நடுவில் கறை படிந்ததுபோல் இருக்கும்.

படிக்க முடிகிறதா என்பதை அழுத்தமான முனையை வைத்து முடிவு செய்வது இன்னொரு தவறு. வெளிறிய முனைதான் அளவுகோல். இணையத்துக்கான அணுகல்தன்மை வழிகாட்டிகள் சாதாரண எழுத்துக்கு 4.5:1, பெரிய எழுத்துக்கு 3:1 என்ற அளவில் பின்னணியோடு வெளிச்ச வேறுபாடு கேட்கின்றன. வெள்ளைப் பின்னணியில் சுத்த மஞ்சளின் வேறுபாடு 1.07:1 மட்டுமே. அந்த முனையில் இருக்கும் எழுத்தை வாசகர் பார்க்கவே மாட்டார்.

அச்சுக்குப் போகும் வேலையென்றால் தொடக்கத்திலேயே கோப்பை சிஎம்ஒய்கே (அச்சின் நான்கு மை) முறையில் வைத்துக்கொள்ளுங்கள். திரையில் பளிச்சென்று இருந்த நீலம் கடைசியில் மங்குவதைப் பார்த்துத் திடுக்கிட வேண்டியிருக்காது. சிறிய எழுத்துக்குக் கிரேடியன்ட்டே வேண்டாம். அச்சில் கலப்பு நிறம் நுண்புள்ளிகளாகத்தான் விழும். பெரிய தலைப்பில் அது கண்ணுக்குத் தெரியாது. 8 பாயின்ட் எழுத்திலோ, கோட்டின் தடிமனே சில புள்ளிகள்தான் என்பதால் விளிம்பு பிசிறடிக்கும், சுழிகள் அடைபடும். அந்த அளவில் ஒரே மையில் ஒரே நிறம் போதும்.