மாணவரிடம் கருத்துக் கேட்கிறோம், எங்கே பிழை விடுகிறோம்?

பத்தாம் தரம் படிக்கும் பிள்ளை ஒருத்தியைக் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு கலந்துரையாடலுக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். கல்விச் சீர்திருத்தம் பற்றி மாணவர்களின் கருத்தை அறிவதற்காக ஏற்பாடு செய்த கூட்டம். மண்டப வாசலில் ஆளுக்கொரு பை கொடுத்தார்கள். உள்ளே ஒரு கொப்பி, ஒரு பேனை, வழவழப்பான தாளில் அச்சடித்த சிறு புத்தகம். அவள் புத்தகத்தைப் புரட்டினாள். எந்தத் தரத்தில் எப்போது தொடங்கும், எத்தனை பாடவேளை, எல்லாம் அதில் இருந்தன. "மிஸ், இதெல்லாம் அடிச்சு முடிஞ்சுதே. பிறகு எங்களிட்ட என்ன கேக்கப் போறாங்க?" என்றாள்.

நாங்கள் விடும் பிழைகளில் மூத்தது இதுதான். முடிவெடுத்து, அச்சடித்து, பணமும் ஒதுக்கிய பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டால் அதற்குப் பெயர் அறிவித்தல். கருத்துக் கேட்பதென்றால் இன்னும் மாற்றக்கூடிய ஏதாவது ஒன்று மேசையில் இருக்க வேண்டும். சிறியதாக இருந்தாலும் பரவாயில்லை. "இந்த மூன்றும் முடிவாகிவிட்டன, இந்த இரண்டும் இன்னும் திறந்திருக்கின்றன, இந்த இரண்டைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று தொடக்கத்திலேயே நேர்மையாகச் சொன்னால் பிள்ளைகள் அதை விளங்கிக்கொள்வார்கள்.

ஓர் உதாரணம் சொல்கிறேன். பாடசாலை நேரத்தை 30 நிமிடம் நீட்டி, 2 மணிக்கு முடிக்கும் யோசனை 2025இல் வெளிவந்தது. ஆசிரியர் சங்கங்கள் பேசின, பெற்றோர் பேசினார்கள். அந்த அரை மணி நேரத்தைத் தன் உடம்பில் சுமக்கப் போகும் பிள்ளை என்ன நினைக்கிறது? மட்டக்குளியிலிருந்து பம்பலப்பிட்டிக்கு வேனில் வரும் பிள்ளை விடிய ஐந்து மணிக்கு எழும்புகிறது. காலையில் சாப்பிடாமல் வருகிறது. பள்ளிக்கூடம் விட்டதும் காலி வீதி நெரிசலில் வேன் நிற்க, டியூஷனுக்கு ஓடுகிறது. இந்தக் கணக்கு எந்த அதிகாரியின் கோப்பிலும் இருக்காது. பிள்ளையைக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடும். நீட்டுவது சரியா பிழையா என்று நான் இங்கே வாதாட வரவில்லை. அதை நன்றாக அறிந்தவர்களைக் கேட்காமல் பேசினோம் என்பதுதான் என் கவலை.

அடுத்தது, யாரிடம் போவது என்று தெரியாமல் போவது. கல்விக் கொள்கை பற்றி ஆலோசனை சொல்வது தேசிய கல்வி ஆணைக்குழு. பாடத்திட்டம் மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகத்தில் உருவாகிறது. பரீட்சைகளை நடத்துவது பரீட்சைத் திணைக்களம். சுற்றறிக்கை பத்தரமுல்லை இசுருபாயவிலுள்ள கல்வி அமைச்சிலிருந்து வருகிறது. தேசியப் பாடசாலை என்றால் கல்வி அமைச்சின் கீழ், மாகாணப் பாடசாலை என்றால் மாகாண சபையின் கீழ். மலசலகூடத்துக்குத் தண்ணீர் இல்லை என்ற குறையையும் வரலாற்றுப் பாடப் புத்தகம் பற்றிய குறையையும் ஒரே மனுவில் எழுதி ஒரே இடத்தில் கொடுத்தால் இரண்டுக்கும் பதில் வராது. மாணவர்களோடு வேலை செய்பவர்கள் முதல் நாளிலேயே இந்த வரைபடத்தைக் கரும்பலகையில் வரைந்து காட்டுங்கள். பிள்ளைகள் கேட்கும் கேள்வியின் தரமே மாறிவிடும்.

கேட்காமல் விட்டால் என்ன நடக்கும் என்பதை இந்த நாடு பெரிய விலை கொடுத்துப் படித்திருக்கிறது. தெற்கில் 1987 முதல் 1989 வரை நடந்த கிளர்ச்சியில் ஆயிரக்கணக்கான இளையோர் செத்துப்போன பிறகுதான் இளைஞர் பற்றிய ஜனாதிபதி ஆணைக்குழு அமர்த்தப்பட்டது. அதன் அறிக்கை 1990இல் வந்தது. தேசிய கல்வி ஆணைக்குழு 1991ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தால் உருவானது. சிறுவர் உரிமைகள் பற்றிய ஐ.நா. சமவாயத்தை இலங்கை ஏற்று உறுதிப்படுத்தியதும் அதே 1991இல்தான். தன்னைப் பாதிக்கும் எல்லா விடயங்களிலும் கருத்துச் சொல்லப் பிள்ளைக்கு உரிமை உண்டு, வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அந்தக் கருத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும் என்கிறது அதன் 12ஆம் உறுப்புரை. வாக்களிக்க 18 வயது ஆக வேண்டும். ஓ.எல். என்ற சாதாரண தரப் பரீட்சையோ 16 வயதில் வந்துவிடுகிறது. ஆகவே வாக்கில்லாத பிள்ளைக்கு அந்த உறுப்புரைதான் பிடிமானம்.

சரி, மொழிக்கு வருவோம். கொழும்பில் தமிழ்மொழி மூலம் படிக்கும் பிள்ளைகள் கூட்டங்களில் ஏன் வாய் திறப்பதில்லை என்று கேட்பவர்கள் ஒரு தடவை அவர்களோடு பின்வரிசையில் போய் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பேச்சு சிங்களத்தில் போகும். இடையிடையே ஆங்கிலம். மொழிபெயர்ப்பாளர் மேடையில் ஒரு முறை தமிழில் வணக்கம் சொல்லிவிட்டு, பிறகு நேரமில்லை என்று சுருக்கத் தொடங்குவார். பத்து நிமிடப் பேச்சு இரண்டு வரியாகும். அன்றைக்கு நாங்கள் போன கூட்டத்திலும் அப்படித்தான். என் பக்கத்தில் இருந்தவள் கேட்க நினைத்த கேள்வியைச் சிங்களத்தில் எழுதிப் பார்த்தாள், வெட்டினாள், திரும்ப எழுதினாள். ஒலிவாங்கி எங்கள் வரிசைக்கு வந்தபோது தலையை ஆட்டி அடுத்த பிள்ளையிடம் கொடுத்துவிட்டாள். வீட்டில் அவளைப் போல வாயாடும் பிள்ளை இல்லை. தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியிருக்கிறது. ஆவணம் ஒரு கிழமைக்கு முன்பே தமிழில் கைக்கு வர வேண்டும், தமிழில் பேசும் சிறு குழுக்கள் தனியாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத கூட்டத்தில் தமிழ்ப் பிள்ளை இருந்ததாகக் கணக்கு மட்டும்தான் மிஞ்சும்.

யாரைக் கூப்பிடுகிறோம் என்பதிலும் ஒரு வழக்கம் ஊறிப்போயிருக்கிறது. அதிபருக்குக் கடிதம் வரும். அதிபர் மாணவத் தலைவரையும் விவாதக் குழுவில் பேசும் பிள்ளையையும் அனுப்புவார். நல்ல பிள்ளைகள்தான், அவர்களில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஓ.எல். பரீட்சையில் கணிதம் தவறி வீட்டில் இருக்கும் பையன், முகத்துவாரத்தில் அப்பாவோடு மீன் ஏற்றப் போவதால் வாரத்தில் இரண்டு நாள் வராத பிள்ளை, சக்கர நாற்காலியில் வரும் பிள்ளை, இவர்களைப் பாடசாலை எப்படி நடத்துகிறது என்று தலைவர் பிள்ளைக்குத் தெரியாது. பாதிப் பேரையாவது சீட்டுக் குலுக்கி எடுங்கள். இடையில் படிப்பை விட்டவர்களைத் தேடிப் போய்க் கேளுங்கள்.

பேச வேண்டியதை நாமே எழுதிக் கொடுப்பதும் நடக்கிறது. ஆசிரியர்கள் அன்பினால்தான் செய்கிறார்கள், பிள்ளை தடுமாறிவிடக் கூடாது என்று. 1992இல் ரோஜர் ஹார்ட் என்ற ஆய்வாளர் சிறுவர் பங்கேற்பை எட்டுப் படிகள் கொண்ட ஏணியாக வரைந்தார். அடியிலுள்ள மூன்று படிகளைப் பங்கேற்பாகவே அவர் எடுக்கவில்லை. பிள்ளையைக் கருவியாக்குவது, அலங்காரத்துக்கு நிறுத்துவது, பெயருக்குச் சேர்ப்பது ஆகியவை அவை. எழுதிக் கொடுத்த தாளை மனனம் செய்து ஒப்புவிக்கும் பிள்ளை அந்த மூன்று படிகளுக்குள்தான் நிற்கிறது.

சின்ன விடயங்களும் உண்டு. ஏ.எல். என்ற உயர்தரப் பரீட்சை நெருங்கும் மாதத்தில் கூட்டம் வைக்காதீர்கள். பஸ் காசைக் கையில் கொடுங்கள். பெற்றோரிடம் கேட்காமல் படம் எடுத்துப் போடாதீர்கள். தன் அதிபரைப் பற்றிக் குறை சொன்ன பிள்ளையின் பெயரை அறிக்கையில் எழுதவே எழுதாதீர்கள்.

என்னை அதிகம் உறுத்துவது கடைசியாக வருவது. கூட்டம் முடிந்த பிறகு ஒரு பதிலும் வராமல் இருப்பது. சிறுவர் உரிமை ஆய்வாளர் லாரா லண்டி 2007இல் எழுதிய கட்டுரையில், பிள்ளையின் கருத்துக்கு உண்மையான மதிப்புக் கிடைக்க இடம், குரல், கேட்போர், செல்வாக்கு என்ற நான்கும் வேண்டும் என்று சொன்னார். நாங்கள் முதல் இரண்டோடு நிறுத்திவிடுகிறோம். அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு சிறு குழுவில் என் மாணவி தமிழில் பேசினாள். அவள் பாடசாலையில் கணினி அறை இருக்கிறது, பாடமும் நேரசூசியில் இருக்கிறது. ஆசிரியர் மாற்றலாகிப் போன பிறகு அறை பூட்டியே கிடக்கிறது. "கதவில இருக்கிற கண்ணாடியால கம்பியூட்டரப் பாக்கலாம் மிஸ், தொடத்தான் ஏலாது" என்றாள். குழுவில் குறிப்பெடுத்தவர் அதை எழுதினார். நான் பார்த்தேன்.

பதில் என்பது பெரிய வேலை இல்லை. ஒரே ஒரு பக்கம், தமிழில். நீங்கள் சொன்னது இது, நாங்கள் செய்தது இது, செய்ய முடியாதது இது, காரணம் இது. மூன்று மாதத்துக்குள் அதைப் பிள்ளைகளின் கையில் கொடுத்தால் போதும். "முடியாது" என்ற பதிலைக்கூடப் பிள்ளை தாங்கிக்கொள்ளும். பதிலே வராவிட்டால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரஜை யாரும் விண்ணப்பிக்கலாம், 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டும்.

அவள் ஓ.எல். எழுதி முடித்துவிட்டாள். கணினி அறை பற்றி ஏதாவது வந்ததா என்று போன மாதமும் வட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள். விண்ணப்பத்தை என் பெயரில் போடுவதாகவும், கேள்விகளை அவள் எழுதுவதாகவும் பேசிக்கொண்டோம். ஞாயிற்றுக்கிழமை வெள்ளவத்தையில் என் வீட்டுக்கு வருகிறாள். நான்கு கேள்விகள் எழுதிவிட்டாளாம், ஐந்தாவதை நேரில் சொல்கிறேன் என்றிருக்கிறாள்.