வாஷர் தண்ணீர் பீச்சாமல் வழிகிறதா? மோட்டாரை மாற்றும் முன் குழாயைக் கழற்றிப் பாருங்கள்

காரின் முன்கண்ணாடியைக் கழுவும் வாஷரில், கண்ணாடியின் நடுப்பகுதியை எட்ட வேண்டிய தண்ணீர் பானெட் ஓரத்திலேயே வழிந்தால், பம்ப் மோட்டார் போய்விட்டது என்று உடனே முடிவு கட்டாதீர்கள். வாஷரை அழுத்தினால் உறுமல் சத்தம் கேட்கிறதா? அப்படியானால் பெரும்பாலும் அடைப்புதான். தண்ணீரைப் பீச்சும் முனையான நாசிலில் தொடங்கி டேங்க் வரை பின்னோக்கிப் பார்த்துக்கொண்டே போனால் எங்கே என்று தெரிந்துவிடும். சத்தமே இல்லையென்றால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள்.

டேங்கை நிரப்பிவிட்டு, நாசிலின் அடியில் செருகியிருக்கும் ரப்பர் குழாயை உருவுங்கள். இறுகியிருந்தால் வெந்நீரில் நனைத்த துணியை அரை நிமிடம் சுற்றி வையுங்கள், இளகிவிடும். வெடுக்கென்று இழுத்தால் நாசிலின் பிளாஸ்டிக் முனை ஒடிந்துவிடும். குழாய் நுனியை ஒரு பாட்டிலுக்குள் விட்டு, இன்னொருவரை வாஷரை அழுத்தச் சொல்லுங்கள்.

தண்ணீர் வேகமாக வந்தால் கோளாறு நாசிலில். உப்புத் தண்ணீரின் படிவும் பாலிஷ் மெழுகும் துளையை மூடியிருக்கும். மெல்லிய ஊசியால் லேசாகக் குத்தி, வெளியிலிருந்து உள்நோக்கிக் காற்று அடியுங்கள். குழாய் கழன்றிருப்பதால் அழுக்கு கீழே விழுந்துவிடும். விசிறிபோல் தெளிக்கும் நாசிலில் மட்டும் ஊசி விடவே கூடாது. உள்ளே கீறல் விழுந்தால் தெளிப்பின் வடிவமே கெட்டுவிடும். அதைக் கழற்றி வெதுவெதுப்பான வினிகரில் அரை மணி நேரம் ஊறப்போட்டுக் கழுவினால் போதும்.

குழாயிலும் வேகம் இல்லையென்றால் பானெட் கீல் அருகே அது நசுங்கியிருக்கிறதா, இணைப்புகளில் கசிகிறதா என்று பாருங்கள். அழுத்தி இரண்டு மூன்று விநாடி கழித்தே தண்ணீர் வருகிறதா? அது ஒருவழி வால்வின் குறை. தண்ணீர் டேங்குக்கே திரும்பிவிடுகிறது. நல்ல வால்வில் வாயால் ஊதினால் ஒரு பக்கம்தான் காற்று போகும்.

அடுத்தது பம்ப். பல கார்களில் டேங்க் பம்பருக்கோ சக்கர வளைவுக்கோ பின்னால் இருக்கும். கீழே வாளியை வைத்து, ரப்பர் வளையத்திலிருந்து பம்பை உருவுங்கள். பல பம்புகளில் வளையத்தின் உட்பக்கம் சிறு சல்லடை இருக்கும். ஜவ்வரிசிக் கஞ்சிபோல் வழவழவென்று பாசி அப்பியிருப்பதை அங்கேதான் பார்க்கலாம். அதைத் தேய்த்துக் கழுவி, டேங்கையும் இரண்டு மூன்று முறை அலசுங்கள்.

அப்படியும் பலம் இல்லையென்றால், வாஷரை அழுத்தியபடி பம்பின் பிளக்கில் வோல்ட்டை அளந்து பாருங்கள். பேட்டரியின் 12 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். 9, 10 என்று இறங்கினால் பிளக்கின் உலோக முனையில் துரு, அல்லது எர்த் சரியில்லை. வோல்ட் சரியாக இருந்தும் தள்ளாத பம்பைத்தான் மாற்ற வேண்டும். முன், பின் கண்ணாடிகள் இரண்டுக்கும் ஒரே பம்ப் என்றால் குழாய்களை இடம் மாற்றிச் செருகிவிடாதீர்கள்.

டேங்கில் பாத்திரச் சோப்பு, ஷாம்பு வேண்டாம், நுரைத்துப் படிந்துவிடும். வாலைவடி நீரில் (டிஸ்டில்ட் வாட்டர்) கலந்த வாஷர் திரவமே நல்லது. இரண்டு வகைத் திரவங்களைக் கலந்தால் சில நேரம் திரிந்து கூழாகிவிடும். காலி டேங்கோடு பம்பை ஓட்டாதீர்கள், தொடர்ந்து 10 விநாடிக்கு மேலும் வேண்டாம்.

கடைசியாக, தண்ணீர் விழும் இடத்தைச் சரிசெய்வது. உருண்டை நாசில் என்றால் ஊசியைத் துளையில் விட்டு மெல்லத் திருப்பி, தண்ணீர் கண்ணாடியின் நடுவுக்குச் சற்று மேலே விழும்படி வையுங்கள். வண்டி வேகமெடுத்ததும் காற்று அதைக் கீழே அமுக்கிவிடும்.