கோயில் சைட்ல 'நாட் செக்யூர்' வந்தப்ப நான் பண்ணினது

தென்னாப்பிரிக்கா டர்பன் சாட்ஸ்வர்த்ல எங்க கோயில் வெப்சைட்டுக்கு காவடி நேரத்துல திடீர்னு 'நாட் செக்யூர்', அதாவது பாதுகாப்பில்லைன்னு பிரவுசர்ல எச்சரிக்கை வந்துடுச்சு, தேதி பாக்க வந்த பெரியவங்க பயந்துட்டாங்க, எனக்கு மனசே கேக்கல. பழைய ஹோஸ்டிங்காரங்க, அதாவது சைட்ட தங்க சர்வர்ல வச்சிருந்தவங்க, வருஷா வருஷம் காசு கட்டி பாதுகாப்பு சர்டிபிகேட் வாங்கச் சொன்னாங்க. வேண்டாம்னு மலிவான வேற ஹோஸ்டிங்குக்கு மாத்தி லெட்ஸ் என்கிரிப்ட்ங்கிற அமைப்போட சர்டிபிகேட் போட்டேன், அது இலவசம், 90 நாள்தான் செல்லும், ஆனா செட் பண்ணிட்டா தானா புதுப்பிச்சுக்கும். போட்டா எரர் மேல எரர். ரெண்டு ராத்திரி தேடினப்புறம்தான் தெரிஞ்சுது, சைட் பேர் எந்த சர்வருக்குப் போகணும்னு சொல்ற டிஎன்எஸ்ல, பழைய வகை ஐபிவி4 முகவரிக்கான ஏ ரெக்கார்ட மட்டும் மாத்திட்டு, புது வகை ஐபிவி6 முகவரிக்கான ஏஏஏஏ ரெக்கார்ட பழைய சர்வருக்கே விட்டிருக்கேன், லெட்ஸ் என்கிரிப்ட் அதைத்தான் முதல்ல பாக்கும். அதை அழிச்சேன், கொஞ்ச நேரத்துல எச்சரிக்கை போயிடுச்சு. டொமைன, அதாவது சைட்டோட பேர, ஹோஸ்டிங்கோட சேத்து வாங்காம தனியா வச்சிருந்தேன், அதனாலதான் இடம் மாத்த யார்கிட்டயும் கெஞ்ச வேண்டி வரல.