அட்டைகளை வைத்துத் தகவல் கட்டமைப்பு பழகலாம்

தகவல் கட்டமைப்பு, அதாவது ஒரு தளத்தில் எதை எங்கே, என்ன பெயரில் வைத்தால் மக்கள் எளிதாகக் கண்டுபிடிப்பார்கள் என்று திட்டமிடும் வேலைக்கு வர நினைப்பவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, ‘எந்த சாஃப்ட்வேர் படிக்கணும்?’ என்பதுதான். வெற்று அட்டைகளும் பேனாவும் போதும். என் வகுப்பில் முதல் நாள் பாடமே, அட்டைகளை வகை பிரித்து அடுக்கச் சொல்லும் கார்டு சார்ட்டிங்தான்.

முதலில் ஒரு இணையதளத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மாநகராட்சித் தளம் நல்ல தேர்வு. சொத்து வரி, பிறப்புச் சான்றிதழ், தெருவிளக்குப் புகார், தடுப்பூசி முகாம் என்று மக்கள் அங்கே தேடுவதை அட்டைக்கு ஒன்றாக எழுதுங்கள். 30, 40 அட்டைகள் சரியாக இருக்கும். பல அட்டைகளில் ‘வரி’ என்றே வந்தால், பொருளைப் பார்க்காமல் சொல்லைப் பார்த்து அடுக்கிவிடுவார்கள். கவனம்.

அப்புறம் அட்டைகளைக் கலைத்து, தளத்தைப் பயன்படுத்தக்கூடிய ஒருவரிடம் கொடுங்கள். ‘சேர்ந்தது என்று தோன்றுவதை ஒன்றாக வைத்து, ஒவ்வொரு அடுக்குக்கும் பெயர் எழுதுங்கள்’ என்று சொல்லுங்கள். பிறகு வாயைத் திறக்கவே கூடாது. கஷ்டமே இதில்தான். ஒருமுறை பிறப்புச் சான்றிதழ் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு அம்மா வெகுநேரம் யோசித்தார். ‘சுகாதாரத் துறைங்க’ என்று எடுத்துக்கொடுக்கப் போன மாணவரைக் கையமர்த்தினேன். அந்த அம்மா அதைத் தடுப்பூசிக்குப் பக்கத்தில் வைத்து, மேலே ‘குழந்தை’ என்று எழுதினார். அலுவலகத்தில் அது சுகாதாரப் பிரிவின் வேலைதான். ஆனால் தேடி வருகிறவருக்கு அந்தக் கணக்கு ஏன் தெரிந்திருக்க வேண்டும்?

பழகுவதற்கு ஐந்தாறு பேர் போதும். நிஜ வேலைக்கு 15 பேர் வேண்டும் என்பது இணையதளப் பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சனின் பரிந்துரை. ஒவ்வொரு அடுக்கையும் படம் எடுத்து வையுங்கள்.

ஒரே அட்டையை ஆளுக்கொரு இடத்தில் வைக்கிறார்களா? அதை ஒதுக்கிவிடாதீர்கள், தளத்தில் அதற்குப் போக இரண்டு வழிகள் வேண்டியிருக்கலாம். சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் நூலகத்தில் இதே சிக்கலோடு மல்லுக்கட்டியவர். 1933இல் வெளியான, நூல்களை வகைப்படுத்தும் அவருடைய கோலன் பகுப்பு முறை, ஒரு நூலை இடம், காலம் எனப் பல முகங்களில் வைத்துப் பார்த்தது. இன்று கடைத் தளங்களில் விலை, நிறம் என்று வடிகட்டுவதும் அதே சிந்தனைதான்.

கடைசியாக, கிடைத்த பெயர்களைக் கொண்டு மெனுவை வெறும் தாளில் எழுதி வேறு ஒருவரிடம் நீட்டுங்கள். ‘பிள்ளையை ஸ்கூலில் சேர்க்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும், எங்கே போவீர்கள்?’ என்று கேளுங்கள். முதல் விரல் தப்பான இடத்துக்குப் போனால் பெயரை மாற்றுங்கள். வேலை தேடும்போது அந்தப் பழைய தாளையும் கொண்டு போங்கள். எதை, ஏன் மாற்றினீர்கள் என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன்.