கல்லறைக் கல்வெட்டில் எழுத்து சிதறியது: நான் சரிசெய்த விதம்

அப்பாவின் கல்லறைக் கல்லுக்கு வடிவமைப்பை நானே இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் செய்தேன். என் திரையில் எல்லாம் அழகாக இருந்தது. கல்மேல் ஒட்டி மணல் வீசிச் செதுக்குவதற்கான ரப்பர் ஸ்டென்சிலை வெட்டுபவரின் கணினியில் திறந்ததும் 'தோற்றம்' என்ற சொல் உடைந்துவிட்டது. முன்னால் நிற்க வேண்டிய இரட்டைக் கொம்பு 'த'வுக்குப் பின்னால் போய் நின்றது. அப்படியே வெட்டியிருந்தால்? கல்லில் அழிக்க முடியாதே.

எழுத்துரு அங்கே இருந்தும் இந்தக் கோளாறு வந்தது. தமிழ் எழுத்துகளைச் சேர்த்துக் காட்ட அவரிடமிருந்த மென்பொருளுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். அதனால் எழுத்துகளைத் தேர்ந்தெடுத்து, பாத் மெனுவில் 'ஆப்ஜெக்ட் டு பாத்' கொடுத்து வெறும் கோடுகளாக மாற்றினேன். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய இடங்களை 'யூனியன்' மூலம் இணைத்தேன். இல்லையென்றால் கத்தி உள்கோட்டையும் வெட்டும். பிறகு திருத்த முடியாது என்பதால், எழுத்தாக இருக்கும் கோப்பைத் தனியே சேமித்து வைத்தேன்.

அப்புறம் புள்ளி. நான் எடுத்த எழுத்துருவில் அது சின்ன வளையம். மணல் வீச்சில் வளையத்துக்குள் இருக்கும் துளி ரப்பர் பிய்ந்துபோகும். எனவே நிரம்பிய புள்ளியாக மாற்றினேன்.

கடைசியாக அசல் அளவில் தாளில் அச்சிட்டு, கல்மேல் ஒட்டி, அம்மாவை வாசிக்கச் சொன்னேன். ஒவ்வொரு எழுத்தையும் விரலால் தொட்டு வாசித்தார். அதன்பிறகே வெட்டக் கொடுத்தேன்.