இயலாமையைச் சான்றுப்படுத்தும் நோய்க் குறிப்பேடு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீடித்த நோயால் வேலைசெய்ய இயலாமல் போனதைச் சான்றுப்படுத்தக் குறிப்பேடு எழுதத் தொடங்குபவர்கள் சிலர், தங்கள் பக்கங்களை என்னிடம் காட்டுவதுண்டு. ஒன்பது ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய பக்கங்களையே மீண்டும் படிப்பதுபோல் இருக்கிறது. தேதி போட மறப்பது, மருந்தின் அளவைக் குறிக்காமல் விடுவது போன்றவற்றை அவர்களே விரைவில் திருத்திக்கொள்வார்கள் என்பதால், அவற்றை இங்கே பேசவில்லை.

செய்ததை எழுதி, பிறகு நேர்ந்ததை விட்டுவிடுவது

என் முதல் குறிப்பேட்டில் ஒரு செவ்வாய்க்கிழமைக்கு நேராக, "வீடு முழுவதும் பெருக்கித் துடைத்தேன்" என்று ஒரே வரி இருந்தது. நெடுநாளைக்குப் பிறகு ஒரு வேலையை முடித்த மகிழ்ச்சியில் எழுதியது அது. புதன் மாலையிலிருந்து சனிக்கிழமை வரை படுக்கையை விட்டு எழ முடியவில்லை. எழ முடியாததால் எதையும் எழுதவுமில்லை. இயலாமைக்கான உதவி கோரிய என் விண்ணப்பத்தைப் பரிசீலித்த மதிப்பீட்டாளர் அந்த வரியை எடுத்துக்காட்டி, வீட்டு வேலைகளை நான் தடையின்றிச் செய்துவருவதாக முடிவெழுதினார். வெறுமையாகக் கிடந்த நாட்கள் நோயில்லாத நாட்களாகக் கொள்ளப்பட்டன. மேல்முறையீட்டிலேயே ஓராண்டுக்கு மேல் கழிந்தது. இன்றும் ஒரு புதியவரின் பக்கத்தில் அப்படியொரு தனி வரியைக் காணும்போது, இதை யாரும் அவருக்கு முன்கூட்டியே சொல்லவில்லையே என்று எனக்குக் கோபம் வருகிறது.

வேலைத்திறனை அளப்பவர் அறிய வேண்டியது, ஒரு செயலைக் குறித்த நேரத்தில், அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் உங்களால் திரும்பச் செய்ய முடிகிறதா என்பதையே. நாட்பட்ட களைப்பு நோயில், உழைப்புக்குப் பிந்தைய சரிவு பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்தே தொடங்கி, நாட்கணக்கிலோ வாரக்கணக்கிலோ நீடிக்கும். செயலையும் விளைவையும் ஒரே நாளின் கட்டத்துக்குள் தேடுபவருக்கு இந்தத் தொடர்பு தென்படாது. ஆகவே, எத்தனை நிமிடம் செய்தீர்கள், எத்தனை முறை நிறுத்தி ஓய்வெடுத்தீர்கள், அடுத்த மூன்று நாட்களில் எவற்றைச் செய்ய முடியாமல் போனது என்பவற்றை அந்தச் செயலோடு சேர்த்தே எழுதுங்கள். எழுத இயலாத நாளுக்குப் "படுக்கை" என்ற ஒரு சொல் போதும். அதுவும் முடியாவிட்டால் உடனிருப்பவரை எழுதச் சொல்லுங்கள், எழுதியவர் தாம் என்பதையும் அவர் குறிக்கட்டும்.

எண்ணை மட்டும் எழுதுவது

"வலி 7" (பத்துக்கு ஏழு) என்ற குறிப்பிலிருந்து உங்களால் எவ்வளவு நேரம் உட்கார முடியும் என்பதை எவராலும் அறிய முடியாது. "15 நிமிடத்தில் எழுந்து படுக்க வேண்டியதாயிற்று" என்று எழுதுங்கள்.

நல்ல நாட்களை மறைப்பது

மறைக்காதீர்கள்.

பெற்ற உதவியைச் சொல்லாமல் விடுவது

உலக சுகாதார நிறுவனத்தின் 2001ஆம் ஆண்டு இயலாமை வகைப்பாடு, ஒருவருடைய சொந்தத் திறனையும், துணையும் கருவிகளும் உள்ள தம் சூழலில் அவர் உண்மையில் செய்வதையும் தனித்தனியே பதிவுசெய்கிறது. "குளித்தேன்" என்று மட்டும் எழுதினால் இவ்விரண்டும் ஒன்றாகிவிடும். நாற்காலியில் அமர்ந்துகொள்ள, மகள் தண்ணீர் ஊற்றிவிட்டாள் என்று எழுத எனக்கும் நெடுநாள் கூச்சமாக இருந்தது. மேல்முறையீட்டுக்கான அறிக்கையில் என் மருத்துவர் எடுத்தெழுதியவை அத்தகைய வரிகள்தாம்.